வாய்க்கு ஒரு சர்ட்டிபிகேட்

என் வாயைப் பற்றி ஊரில் நல்ல அபிப்பிராயம் கிடையாது. காசிமேடு துறைமுகத்துக்கு எதிர்ச் சந்தில் வலை, கயிறு, மிதவை விற்கிற கடை வைத்திருக்கிறேன். கயிறு வாங்க வந்தவனுக்குக் கயிற்றைவிட நீளமாகப் பேச்சை அளந்து கொடுத்துவிடுவேன் என்பது என் மேல் பொதுவாக இருக்கிற புகார். சாவு விழுந்த மய்யத்து வீட்டுக்குப் போனால், "அத்தாவுல்லாவைக் கடைசியில ஒக்கார வைங்க, யாரையாச்சும் சிரிக்க வெச்சுத் தொலைப்பான்" என்று என் அக்கா அஜீசுன்னிசா முன்கூட்டியே ஆள் சொல்லி அனுப்பிவிடுவாள்.

ஆகவே அக்காள் மகள் அனம், நிறைமாத வயிற்றோடு கூடத்தில் வந்து உட்கார்ந்து, "குழந்தைக்குப் பழம் வெக்கிறது மாமுதான்" என்று அறிவித்தபோது, நான் உட்பட யாரும் அதை நம்பவில்லை.

பழம் வைப்பது என்றால் இதுதான்: குழந்தை பிறந்ததும் நல்ல மனிதர் ஒருவர் பேரீச்சம்பழத்தைத் தன் வாயில் போட்டு மென்று கூழாக்கி, அதில் ஒரு பொட்டு எடுத்துக் குழந்தையின் மேலண்ணத்தில் தடவி, துஆ கேட்டுப் பிரார்த்திப்பார். தஹ்னீக் என்று பெயர். எங்கள் குடும்பத்தில் அதோடு இன்னொன்றையும் சேர்த்து நம்புகிறார்கள். பழத்தை மென்றவரின் குணம் பிள்ளைக்கு வருமாம். அதனால் வாயைத் தேர்ந்தெடுப்பதில் மாப்பிள்ளை பார்க்கிற அளவுக்கு விசாரணை நடக்கும். அன்றைய நிலவரப்படி அனமின் மாமனார் காஜா மொய்தீன் ஹாஜியாரின் வாய்தான் முன்னணியில் இருந்தது. ஓதுவதற்கும் சாப்பிடுவதற்கும் தவிர அதை அவர் திறந்து பார்த்தவர்கள் குறைவு.

"இன்னாடி பேஜாரு பண்றே?" என்றாள் அக்கா. "இவன் வாயா? நாளைக்கு அந்தப் புள்ள ஸ்கூல்ல டீச்சரை நக்கல் அடிச்சுகினு கெடக்கும்."

"அடிக்கட்டும்மா. எங்கத்தா மவுத்தாப் போயிச் சேந்தப்போ நீ அடுப்பாண்ட ஒக்காந்து அழுதுகினே இருந்தே. என்னை ஸ்கூலுக்கு இட்டுகினு போனது யாரு? வழியெல்லாம் சிரிக்க வெச்சு, கேட்டாண்ட வுட்டுட்டு, நான் உள்ள போற வரைக்கும் குரங்கு மாதிரி மூஞ்சி காட்டிகினு நின்னது யாரு? எம்புள்ளைக்கு அந்தக் கொணம்தான் வோணும்."

நான் பதிலுக்கு நக்கல் அடிக்கவில்லை. அக்கா அதைக் கவனித்து, காய்ச்சலா என்பதுபோல் என்னைப் பார்த்தாள். கண்ணில் தூசி என்று சொல்லிவிட்டு எழுந்து மாடிக்குப் போய்விட்டேன். நிலக்கரித் தூளோடு எண்ணூர்க் காற்று அடிக்கிற நாளில் எங்கள் பக்கத்தில் கண்ணில் தூசி என்றால் யாரும் மறுகேள்வி கேட்க மாட்டார்கள்.

கல்யாணம் ஆகாமல் ஐம்பதைத் தாண்டியவன் நான். பத்திரிகையில் பெயர் போடுவார்கள், பந்தல்காரனிடம் பேரம் பேச அனுப்புவார்கள். ஆனால் உன் குணம் என் பிள்ளைக்கு வேண்டும் என்று ஒருத்தி கேட்டது இதுதான் முதல் தடவை. அதற்கு ஏற்றபடி வாயைத் தயார் செய்ய வேண்டாமா? பல்லைச் சுத்தம் செய்துகொள்ளலாம் என்று ராயபுரத்தில் டாக்டர் ஹெப்சிபாவிடம் போனேன்.

"வாயைத் திறங்க பாய்" என்றார். என்னிடம் இப்படிக் கேட்ட முதல் மனிதர்.

விளக்கைத் திருப்பிப் பார்த்தவர் பல்லுக்கே போகவில்லை. கீழுதட்டு ஓரத்தில் கொத்தாக இருந்த சின்னக் கொப்புளங்களில் நின்றுவிட்டார்.

"இது அடிக்கடி வருமா?"

"சூடு டாக்டரம்மா. மாங்கா தின்னா வரும், வெயில்ல நின்னா வரும், அக்காகூட சண்டை போட்டா வரும்."

"எல்லாத் தடவையும் இதே இடத்துலயா?"

"கரெக்டா இங்கியே வரும். வாடகை குடுக்காத குடித்தனக்காரன் மாதிரி."

அவர் கையிலிருந்த கருவியைத் தட்டில் வைத்தார். "இன்னிக்கு க்ளீனிங் பண்ண முடியாது பாய். இது ஹெர்பிஸ் வைரஸ் மாதிரி தெரியுது."

எனக்கு நாற்காலியிலிருந்து எழுந்து ஓடிவிடலாம் போலிருந்தது. அந்த வார்த்தையை நான் ரயில்வே ஸ்டேஷன் கழிப்பறைச் சுவரில், லாட்ஜில் வந்து தங்கும் வைத்தியர்களின் நோட்டீஸில்தான் படித்திருக்கிறேன்.

"டாக்டரம்மா, நான் அந்த மாதிரி ஆளு இல்ல. சந்தர்ப்பமே கெடைக்கல."

அவர் சிரித்தார். "இது உதட்டுல வர்ற வகை பாய். சின்ன வயசுல யாராவது ஆசையா முத்தம் குடுத்திருப்பாங்க, அதுலயே வந்திருக்கும். ஊர்ல பாதிப் பேருக்கு மேல இருக்கு. உள்ள படுத்துத் தூங்கும், அப்பப்போ எழுந்து வரும். பெரியவங்களுக்குப் பெரிசா ஒண்ணும் ஆகாது."

"அப்ப சரி" என்று எழுந்தேன்.

"பெரியவங்களுக்குன்னு சொன்னேன். பிறந்த குழந்தைக்கு ஒட்டிக்கிச்சுன்னா மூளை வரைக்கும் போகும். உயிருக்கே ஆபத்து."

நான் திரும்ப உட்கார்ந்தேன். பழம் வைக்கிற விஷயத்தைச் சொன்னேன். அவர் கையுறையைக் கழற்றினார்.

"வேண்டாம் பாய்."

"இது அதுதான்னு நிச்சயமா?"

"பார்த்தா அப்படித்தான் இருக்கு. தெரிஞ்சே ஆகணும்னா கொப்புளத்துலேர்ந்து பஞ்சுக்குச்சியால நீர் எடுத்து பி.சி.ஆர். டெஸ்ட் பண்ணலாம். எழுதித் தர்றேன். ஆனா அதுல இல்லைன்னு வந்தாலும்..."

வாக்கியத்தின் முதல் பாதி எனக்குப் போதுமானதாக இருந்தது. மீதியைக் கேட்க நான் அங்கே இல்லை. சீட்டோடு படியிறங்கிவிட்டேன். என் வாய் சுத்தம் என்று யாராவது ஒரு சர்ட்டிபிகேட் கொடுத்தால் போதும். வீட்டில் யாரிடமும் எதுவும் சொல்ல வேண்டியிராது.

எங்கள் பக்கத்தில் சோதனைக்குப் பஞ்சமே இல்லை. கப்பலில் வருகிற பருப்பைச் சோதிக்க ஆள் இருக்கிறது, நிலக்கரியைச் சோதிக்க இருக்கிறது, எண்ணெயைச் சோதிக்க இருக்கிறது. ஒரு மனிதனின் உதட்டைச் சோதிக்கத்தான் இடம் கிடைக்கவில்லை. போனில் 'அருகில் உள்ள லேப்' என்று தேடினேன். அது காட்டிய முதல் லேப், செல்போன் கவர் விற்கிற கடையாக மாறிப் பல காலம் ஆகியிருந்தது. இரண்டாவது உண்மையான லேப். கவுண்டரில் இருந்த பெண் சீட்டைப் பிரித்து, பஸ்ஸில் ஸ்டாப்பிங் பெயர் கூவுகிற குரலில், "ஹெர்பிஸா சார்?" என்றாள்.

எனக்குப் பக்கத்தில் நின்றவர் எங்கள் பள்ளிவாசல் கமிட்டி செயலாளர். அவர் என்னைப் பார்த்தார். நான் அவர் கையிலிருந்த சிறுநீர் பாட்டிலைப் பார்த்தேன். நாம் ஒருவரையொருவர் பார்க்கவே இல்லை என்று பேசாமலே ஒப்பந்தம் செய்துகொண்டோம்.

"ரத்தத்துலதான் பார்ப்போம் சார்" என்றாள் அந்தப் பெண். "என்னிக்காவது வந்திருக்கான்னு தெரியும். இந்தக் கொப்புளம் அதானான்னு தெரியாது."

தண்டையார்பேட்டையில் ஒருவர் இன்னும் அன்பானவர். "கொப்புளத்துல நாங்க எடுக்கறதில்ல பாய். கொரோனாவுக்கு மூக்குல எடுப்போம். வந்தது வந்துட்டீங்க, மூக்குல வேணா எடுத்துரட்டுமா?" என்றார். மூக்கைக் காப்பாற்றிக்கொண்டு வெளியே வந்தேன். அவர்தான் திருவொற்றியூரில் ஒரு லேப் பெயரைச் சொன்னார். அங்கே எடுத்து, ஊருக்குள் இருக்கிற பெரிய லேபுக்கு அனுப்புவார்களாம்.

மறுநாள் கிளம்புகிற நேரத்தில் தவசிமுத்து கடைக்கு வந்தான். விசைப்படகு வைத்திருக்கிறான். கயிறு வாங்க வருகிறவன், கதை கேட்க வருகிறவன், இரண்டுக்கும் கடன் சொல்லுகிறவன்.

"இன்னா பாய், ஒதட்டுல அக்கி வந்துகீது?"

"அக்கியா இது? நான் ரெண்டு லேபு ஏறி எறங்கிட்டேன்."

"அக்கியேதான். இத்த வெச்சுகினா நீ லேபு லேபுன்னு சுத்திகினு கீறே? அக்கி எழுதுனா போச்சு. திருவொத்தியூர்ல பட்டம்மா கீது, சட்டிபான செய்ற வூடு. காவி கொழச்சு எழுதும். எம் முதுகுல வந்தப்ப எழுதுச்சு, சொல்லாம கொள்ளாம ஓடிப்போச்சு."

லேபும் திருவொற்றியூர், பட்டம்மாளும் திருவொற்றியூர். முதலில் எழுதிக்கொண்டு, அந்தக் கையோடு லேபுக்குப் போனால் ரிசல்ட் நல்லபடியாக வரும் என்று என் மூளை திட்டம் போட்டது. அது பிழைப்புக்காகச் செய்கிற வேலை வலை விற்பது என்பதை நீங்கள் கருணையோடு நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

பட்டம்மாள் என் முகவாயைப் பிடித்து வெளிச்சத்தில் திருப்பினார். "முதுகுன்னா சிங்கம் எழுதுவேன் பாய். ஒதட்டுல சிங்கத்துக்கு எடம் பத்தாதே."

"பூனையாவது எழுதும்மா."

எதை எழுதினாரோ, கோழி இறகால் குளிர்ச்சியாகத் தீற்றி முடித்தார். தானாக உதிர்கிற வரை தண்ணீர் படக்கூடாது என்றார். கண்ணாடியில் பார்த்தேன். அவசரத்தில் மேக்கப் போட்டுக்கொண்ட கூத்துக்காரன் மாதிரி இருந்தேன். அந்த முகத்தோடு லேபுக்குள் நுழைந்தேன்.

மாதிரி எடுக்கிற பெண்ணின் பெயர் செங்கொடி என்று சட்டையில் குத்தியிருந்தது. குச்சியை உறையிலிருந்து எடுத்துக்கொண்டு வந்தவள், அப்படியே நின்றாள்.

"சார், இன்னா இது?"

"காவிம்மா. அக்கி எழுதிகினு வந்தேன்."

"நான் வைரஸ் எடுக்கணுமா, செம்மண்ணு எடுக்கணுமா?"

கழுவச் சொன்னாள். பட்டம்மாளின் பூனை வாஷ்பேசினில் சிவப்பாகக் கரைந்து போயிற்று. அடியில் கொப்புளங்கள் காய்ந்து பொருக்குத் தட்டியிருந்தன.

"ஆறிப் போச்சு சார். இதுல எடுத்தா சரியா வராது. தண்ணி கோத்த புதுக் கொப்புளமா இருக்கணும். அடுத்த தபா வந்தவொடனே ஓடியாங்க. காவி, சுண்ணாம்பு எதுவும் அடிச்சுகினு வராதீங்க, பெயின்டு கடை இல்ல இது."

அதற்குப் பிறகு நான் செய்ததை அறிவுள்ள யாரும் செய்திருக்க மாட்டார்கள். புண் வரவேண்டும் என்று தவம் கிடந்தேன். உப்பு மிளகாய்த்தூளோடு மாங்காய் தின்றேன். உச்சி வெயிலில் துறைமுகத்தில் போய் நின்றேன். ஐஸ் பெட்டி இறக்குகிறவர்கள், "பாய்க்கு இன்னா ஆச்சு, கடல்ல இருந்து யாராச்சும் வர்றாங்களா?" என்று கேட்டார்கள். அக்காவிடம் வலியப் போய் வம்பு இழுத்தேன். "இன்னாடா, காலையில எழுந்து பல்லு வெளக்கறதுக்கு முந்தி சண்டைக்கு வர்றே?" என்று அவள் கதவைச் சாத்திக்கொண்டாள். புண் வரவில்லை. வேண்டாம் என்று இருந்தபோதெல்லாம் பெட்டி படுக்கையோடு வந்தவன், வா என்று கூப்பிட்டால் முகவரி தெரியாதவன்போல் இருந்தான்.

நாளாக ஆக என் மனசு வேறு மாதிரி நியாயம் பேச ஆரம்பித்தது. வரவில்லை என்றால் இல்லை என்றுதானே அர்த்தம்? டாக்டரம்மா பார்வைக்குத்தானே சொன்னார்? மண்ணடிக்குப் போய், கடைக்காரன் முகம் சுளிக்கிற வரை பேரீச்சம்பழத்தை ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுத்து வந்தேன். அக்கா அதை ஒரு கண்ணாடி ஜாடியில் போட்டு வைத்தாள். வீங்கிய காலை வெந்நீரில் வைத்துக்கொண்டு அனம் அதைப் பார்த்துச் சிரித்தாள்.

"மாமு, பழம் வெக்கும்போது ஜோக் அடிக்காதே. புள்ளைக்குப் பொரை ஏறும்."

"மொதல் ஜோக்கே அதுக்குத்தான் ரெடி பண்ணி வெச்சிருக்கேன்" என்றேன். என் உதட்டில் அவள் பார்வை படாதபடி மீசையைத் தடவிக்கொண்டேன். ஆறின இடம்தான். இருந்தாலும்.

அனமுக்கு வலி எடுத்தது ஒரு விடியற்காலையில். அவள் புருஷன் தவ்ஃபீக் கன்டெய்னர் யார்டில் வேலை முடிந்து நேரே வந்தவன், சீருடையைக்கூட மாற்றாமல் அவளை ராயபுரத்தில் நர்சிங் ஹோமுக்கு அழைத்துக்கொண்டு போனான். நான் தொழுகைக்கு ஒளூ செய்ய முகத்தில் தண்ணீர் அள்ளி ஊற்றினேன். கீழுதட்டு ஓரத்தில் சுருக்கென்றது. கண்ணாடிக்குப் போனேன். அவனேதான். சின்னச் சின்ன நீர்முத்துகளாக, நேற்றுத்தான் வெள்ளையடித்த வீட்டுக்குக் குடிவந்தவன் மாதிரி பளபளவென்று உட்கார்ந்திருந்தான்.

கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு அக்காவிடம், "நீ முன்னாடி போ, எனக்கு ஒரு வேலை கீது" என்றேன்.

"உம் மருமவ புள்ள பெக்கப் போறாடா. உனுக்கு இன்னாடா அப்படி வேலை?"

"வந்துர்றேன்க்கா."

அக்கா பார்த்த பார்வையை ஆட்டோ ஏறுகிற வரை முதுகில் சுமந்துகொண்டு போனேன். எண்ணூர் நெடுஞ்சாலையில் துறைமுகத்துக்குப் போகிற டிரெய்லர்கள் வழக்கம்போல வரிசை கட்டி நின்றன. அவற்றின் இடுக்கில் ஆட்டோ நுழைந்து நுழைந்து திருவொற்றியூர் போய்ச் சேர்ந்தபோது, லேபை அப்போதுதான் திறந்துகொண்டிருந்தார்கள்.

செங்கொடி என்னைப் பார்த்ததும் அடையாளம் கண்டுகொண்டாள். கைக்குட்டையை எடுத்தேன்.

"சூப்பர் சார்! இதான் சார் வேணும். அருமையா கீது."

என் உடம்பில் எந்தப் பாகத்தையும் ஒரு பெண் இவ்வளவு மனதாரப் பாராட்டியது அதுவரை நடந்ததில்லை. குச்சியை வைத்துச் சுழற்றி எடுத்து, குப்பியில் போட்டு மூடி, பெயர் எழுதினாள். ரிசல்ட் இரண்டு நாளில் போனுக்கு வந்துவிடும் என்றாள். ஒரு புது மாஸ்க்கும் கொடுத்தாள்.

"இன்னிக்கே வராதாம்மா?"

"இது கொதிக்க வெச்சு எறக்கற டீ இல்ல சார்."

திரும்பி வருகிற வழியில் போன் வந்தது. அக்கா அழுதுகொண்டே சிரித்தாள். பெண் குழந்தை. தாயும் பிள்ளையும் சுகம். பின்னால் அனமின் குரல் களைத்துப்போய்க் கேட்டது. "மாமுவை ஜல்தியா வரச் சொல்லும்மா. பழம் வெக்கணும்."

டிரெய்லர் வரிசையில் ஆட்டோ நின்றது. டிரைவரின் கண்ணாடியில் என் முகம் தெரிந்தது. மாஸ்க்கை இறக்கிப் பார்த்தேன். ரிசல்ட் வரவில்லை. சூட்டுக் கொப்புளம் என்று சொன்னால் யாரும் மறுக்கப் போவதில்லை. தலைமுறை தலைமுறையாக எங்கள் வீட்டில் எல்லாக் கொப்புளத்துக்கும் அதுதான் பெயர். அல்லது ரெண்டு நாள் பொறுங்கள் என்று கேட்கலாம். இல்லை என்று வந்துவிட்டால்?

வந்துவிட்டால்தான் என்ன? டாக்டரம்மா பாதியில் விட்ட, இல்லை, நான் பாதியில் விட்டுவிட்டு ஓடிவந்த வாக்கியத்தின் மீதி அப்போது தானாகவே முடிந்தது. இல்லை என்று வந்தாலும், வெடிக்கக் காத்திருக்கிற இந்த உதட்டோடு ஒரு பச்சைப் பிள்ளையின் வாய்க்குப் பழம் மென்று கொடுப்பேனா? அது இல்லை என்று உண்மையிலேயே நம்பியிருந்தால் நான் ஏன் சந்து சந்தாக லேப் தேடி அலைந்தேன்? இவ்வளவு நாளும் நான் தேடியது டெஸ்ட் இல்லை. எனக்குச் சாதகமாகப் பொய் சொல்லக்கூடிய ஒரு காகிதம்.

மாஸ்க்கை ஏற்றிக்கொண்டேன்.

நர்சிங் ஹோம் அறையில் எல்லோரும் இருந்தார்கள். அனம் கட்டிலில் சாய்ந்திருந்தாள். அக்கா கையில் குழந்தை. தவ்ஃபீக் ஜாடியைப் பிடித்துக்கொண்டிருந்தான். காஜா மொய்தீன் ஹாஜியார் ஜன்னலோரம் தஸ்பீஹ் மணி உருட்டிக்கொண்டிருந்தார். நான் வாசற்படிக்கு வெளியிலேயே நின்றேன்.

"வந்துட்டாருய்யா தொரை" என்றாள் அக்கா. "உள்ள வா. மாஸ்க்கக் கழட்டு. பழத்த எடு."

"நான் வெக்கல."

அறையே சிரித்தது. ஹாஜியாரின் தோள்கூடக் குலுங்கியது. வாழ்நாள் முழுக்க ஜோக் அடிக்கிறவனுக்குக் கடைசியில் இதுதான் கிடைக்கும். அவன் அழுதாலும் கை தட்டுவார்கள்.

"மெய்யாலுமேதான் சொல்றேன். நான் வெக்க மாட்டேன்."

முதலில் அனம்தான் சிரிப்பை நிறுத்தினாள். "ஏன் மாமு? நான் கேட்டது புடிக்கலையா?"

அந்தக் கேள்விக்கு மட்டும் நான் தயாராக இல்லை. மாஸ்க்கை இறக்கி, இருந்த இடத்திலிருந்தே உதட்டைக் காட்டினேன். டாக்டரம்மா சொன்னது, லேபுக்கு அலைந்தது, காவி, மாங்காய், காலையில் எடுத்த மாதிரி, எல்லாவற்றையும் சொன்னேன்.

"ரெண்டு நாள்ல ரிசல்ட் வரும். அது இன்னான்னு வந்தாலும் இந்த வாய் புள்ளையாண்ட வராது. நீ கேட்டதவிடப் பெரிசா எனக்கு யாரும் எதுவும் குடுத்ததில்ல அனம். அதான் சொல்லாம இருந்தேன்."

"அடப்பாவி, இதுக்காடா இவ்ளோ கூத்து?" என்றாள் அக்கா. "இது சூட்டுக் கொப்புளம்டா. எனக்குந்தான் வரும்!"

சொல்லிக்கொண்டே குழந்தையின் கன்னத்தில் முத்தமிடக் குனிந்தவள், பாதியில் நின்றாள். அப்படியே மெதுவாக நிமிர்ந்தாள். என்னைப் பார்த்தாள்.

"உனக்கும் ஒவ்வொரு தபாவும் ஒரே எடத்துலதான் வருமாக்கா?"

அவள் குழந்தையை அனமின் மடியில் வைத்துவிட்டு, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

ஜன்னலோரத்திலிருந்து ஹாஜியார் தொண்டையைச் செருமினார். "எனக்கும் வரும். நோன்பு முடியற சமயத்துல."

"எனக்கு நைட் ஷிப்டு தொடர்ந்து பார்த்தா..." என்று இழுத்தான் தவ்ஃபீக்.

சஹனில் உட்கார்ந்து சாப்பிடுகிற குடும்பம் எங்களுடையது. ஒரே பெரிய தட்டைச் சுற்றி நாலு பேர் அமர்ந்து, ஒரே சொம்பில் தண்ணீர் குடித்து, எந்தக் குழந்தையைக் கண்டாலும் கன்னம் சிவக்கிற அளவுக்கு முத்தம் கொடுத்து வளர்ந்தவர்கள். பிரியாணியோடு எதை எதையெல்லாம் பங்கிட்டிருக்கிறோம் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. ஒருவருக்கொருவர் முகம் பார்த்துக்கொண்டோம். அந்த அறையில் பழம் மெல்லத் தகுதியான வாய் ஒன்றுகூட இல்லை. குழந்தைக்குத்தான் வாய் சுத்தமாக இருந்தது. அதற்குப் பல் இல்லை.

டாக்டர் ஹெப்சிபாவுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தேன். "யார் வாயும் வேண்டாம் பாய். புண் இல்லாதப்பகூட எச்சில்ல இருக்கலாம். அதைத்தான் அன்னிக்குச் சொல்ல வந்தேன், நீங்க ஓடிட்டீங்க. யாரும் குழந்தைக்கு முத்தம் குடுக்காதீங்க. மத்ததை அங்க இருக்கற குழந்தை டாக்டர்கிட்ட கேளுங்க" என்றார். குழந்தை டாக்டர் வந்து, அனமுக்கு இப்படிக் கொப்புளம் வந்ததுண்டா என்று இரண்டு முறை கேட்டார். வந்ததே இல்லை என்றாள். தாய்ப்பால்தான் முக்கியம், மனசு கேட்கவில்லை என்றால் தாய் கையை நன்றாகக் கழுவி, சுத்தமான பழத்தை விரலால் நசுக்கி ஒரே ஒரு பொட்டு தொட்டு வைக்கலாம், அதற்குமேல் கூடாது என்றார்.

எல்லோரும் ஹாஜியாரைப் பார்த்தோம். அவர் தாடியை உருவினார்.

"பழம் கீது, துஆ கீது. பல்லு யாருதா இருந்தா இன்னா? புள்ள உசுரு முக்கியம்."

அவர் வாயிலிருந்து ஒரே நேரத்தில் இவ்வளவு வார்த்தைகள் வந்ததைப் பார்த்து தவ்ஃபீக் ஜாடியைத் தவறவிடப் பார்த்தான்.

நர்ஸ் நிற்கவைத்து, முழங்கை வரை சோப்புப் போட்டு அனமின் கையைக் கழுவிவிட்டாள். அனம் ஒரு பழத்தைப் பிரித்து விரலால் நசுக்கினாள். கண்ணுக்குத் தெரியாத அளவு ஒரு பொட்டு எடுத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"நான் தொடறேன். துஆ நீதான் மாமு. அங்கிருந்தே செய்."

மாஸ்க்கை மூக்கு வரை ஏற்றிக்கொண்டு, வாசற்படியில் நின்று கையேந்தினேன். யா அல்லாஹ், இந்தப் பிள்ளைக்கு நல்ல உடம்பைக் கொடு, நல்ல மனசைக் கொடு, இவள் தாய்க்கு நிம்மதியைக் கொடு என்பது வரை சரியாகத்தான் வந்தது. அதற்கப்புறம் வார்த்தை வரவில்லை. அறையிலிருந்தவர்கள் கொஞ்சம் காத்திருந்து பார்த்துவிட்டு அவர்களாகவே ஆமீன் சொன்னார்கள். அனமின் விரல் பட்டதும் குழந்தை ஒரு தடவை சப்புக் கொட்டியது.

"அழுவாதடா" என்றாள் அக்கா, முந்தானைக்குள்ளிருந்து. அவள் கண்ணும் நிறைந்திருந்தது. "அப்பால அந்தக் கொணம் வந்துறப் போவுது."

குழந்தைக்கு மஹீன் என்று பெயர் வைத்தார்கள். ரிசல்ட் சொன்னபடி வந்தது. பாசிட்டிவ். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். தவ்ஃபீக், "குடும்பத்துக்கே ஒண்ணு எடுத்தா போதும்ல மாமு?" என்று கேட்டிருந்தான். ஹாஜியார் ஒரு கட்டைவிரலை மட்டும் அனுப்பியிருந்தார்.

நாற்பது நாள் கழிகிற வரை எனக்கு வீட்டில் ஒரு உத்தியோகம் கொடுத்தார்கள். தெருவாசலில் நாற்காலி போட்டு உட்கார வேண்டும். பிள்ளை பார்க்க வருகிறவர்களை நிறுத்தி வாயைக் காட்டச் சொல்ல வேண்டும். கை கழுவ வைத்து, முத்தம் கிடையாது என்று சொல்லி உள்ளே அனுப்ப வேண்டும். அதற்கு வாய் கூசாத ஒரு ஆள் தேவைப்பட்டது. குடும்பத்தில் வேறு யாரும் போட்டிக்கு வரவில்லை.

தவசிமுத்து பால்சுறா வாங்கிக்கொண்டு வந்தான். பிள்ளை பெற்றவளுக்குப் புட்டு செய்து கொடுத்தால் பால் ஊறும்.

"வாயைத் தொற."

"இன்னா பாய், ஹார்பர் கஸ்டம்ஸ் மாதிரி கேக்குறே?"

"அங்க பெட்டியத்தான் தொறப்பான். தொறடா."

திறந்தான். "பீடி நாத்தம் கீது. ஒதடு கிளீன். கைய கழுவிட்டுப் போயி தூரக்க நின்னு பாரு."

"அக்கி எழுதுனியே, நின்னுச்சா?"

"பூனை எழுதுனாங்க நைனா, வைரஸு புலியா கீது."

இப்படியே வாசலில் நல்ல வியாபாரம். மய்யத்து வீட்டில் பேசவிடாதவர்களெல்லாம் என் எதிரில் பணிவாக வாயைத் திறந்து நின்றார்கள். கமிட்டி செயலாளர்கூட வந்தார். ஒப்பந்தத்தை இருவரும் மதித்தோம்.

ஒரு சாயங்காலம் அக்கா சமையலறையிலிருந்து மாஸ்க்கோடு வந்தாள். கையில் இரண்டு டம்ளர் டீ. இன்னொரு நாற்காலியை இழுத்துப் போட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"உள்ள போலியா?" என்றேன்.

அவள் மாஸ்க்கைக் கொஞ்சம் இறக்கிக் காட்டினாள். மேலுதட்டில் நாலைந்து நீர்முத்துகள்.

"காலையிலிருந்து சுருக்குனு கீது. தவ்ஃபீக்கை லீவு போடச் சொல்லிட்டேன், அவன் பார்த்துப்பான். காயற வரைக்கும் நான் இங்கதான்."

உள்ளே மஹீன் பசிக்கு அழ ஆரம்பித்தாள். தவ்ஃபீக் ஏதோ பாட மாதிரி முயற்சி செய்தான், அழுகை பெரிதாயிற்று. அனம் அவனைத் திட்டியது கேட்டது. பிறகு சத்தம் அடங்கி, பால் குடிக்கிற அமைதி வந்தது. துறைமுகப் பக்கமிருந்து காற்று அடித்தது. நாங்கள் இருவரும் டீ குடித்தோம், அவரவர் டம்ளரில்.

"அக்கா, ஒண்ணு சொல்லட்டா?"

"சொல்லு" என்றாள். "ஆனா மெல்லமா சொல்லு. சிரிச்சா ஒதடு எரியுது."